‘கண்டேன்’ என்று எழுதாத ஏடு

1825-ஆம் ஆண்டு மே 31-க்கும் சூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் ஒரு நிலவுமறைப்பு நிகழ்ந்தது. புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்க் கணியர் ஒருவர் தாளும் எழுதுகோலும் இன்றித் தரையில் சோழிகளை இட்டும் எடுத்தும், நெட்டுருவாய் நெஞ்சில் நின்ற சொற்றொடர்களினின்று எண்களைப் பெயர்த்தும், அம்மறைப்பின் தொடக்கமும் நடுவும் முடிவும் இன்ன நேரம் என்று கணித்துக் காட்டினார். அதனைக் கண்டு குறித்துக்கொண்டவர் வாரன் என்னும் ஐரோப்பியர். முன்னர்ச் சென்னை வானாய்வகத்திற் பணியாற்றியவர். அவ்வாண்டே சென்னையில் வெளிவந்த ‘காலசங்கலிதம்’ என்னும் தம் ஆங்கில நூலுள் அக்கணிப்பு முறையை அவர் படிப்படியாகப் பதிந்து வைத்தார். 1952-இல் நோய்கெபாவர் என்னும் கணக்கியல் வரலாற்றறிஞர் அப்பதிவை எடுத்து ஆராய்ந்து, தமிழ் வானியல் என்னும் பெயராலேயே ஒரு கட்டுரை எழுதினார். கணியர் சொன்ன நேரத்திற்கும் உண்மை நேரத்திற்கும் இடையே தொடக்கத்தில் 4 மணித்துளியும், நடுவில் 23 மணித்துளியும், முடிவில் 52 மணித்துளியும் வேறுபாடு இருந்தது.

செய்தவர் தமிழர், எழுதியவர் பிறர். அந்தப் புதுவைக் கணியரின் திறத்தை இன்று உலகம் அறிவது எழுதியவர் வாயிலாகவேயன்றி வேறு வழியால் அன்று. இவ்வளவையும் மேடைகளிற் பெருமையாகச் சொல்லும் தமிழன்பர் உளர். ஆனால், வாரன் எழுதிய மற்றொன்றை அவர்கள் சொல்லுவதில்லை. அக்கணியர்க்குத் தாம் செய்யும் கணிப்பின் கொள்கை ஒரு சிறிதும் விளங்கவில்லை, நினைவாற்றல் மட்டுமே மிகுதி என்பது அவர் குறிப்பு. கசப்பாயினும் இதனை மறைத்தல் ஆகாது. ஏனெனில், முறை தெரிந்தும் கரணியம் தெரியாமை, செய்யத் தெரிந்தும் செய்ததை எழுதத் தெரியாமை என்னும் இரண்டு குறையும் இருநூறாண்டு கழிந்தும் அதே ஊரில், பள்ளி ஆய்வகத்துள், வேறு உருவில் நிற்கின்றன.

புதுவைச் சிறார் ‘ரெக்கார்டு நோட்டு’ என்று வழங்கும் செய்முறைப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பவர்க்கு இது விளங்கும். தடித்த அட்டை. இடப்பக்கம் கோடின்றிப் படம் வரைதற்கு. வலப்பக்கம் கோடிட்டு எழுதுதற்கு. நோக்கம், கருவிகள், செய்முறை, காண்டல், முடிபு என்று தலைப்புகள் வரிசையாக நிற்கும். கையெழுத்து முத்துப்போல் இருக்கும். ஆசிரியரின் சிவப்பு மைக் கையொப்பம் ஒவ்வொரு முடிவிலும் இருக்கும். இல்லாதது ஒன்றே. அப்பிள்ளை கண்டது அதில் இராது. சென்ற ஆண்டு பயின்ற அக்கையின் ஏட்டையோ அடுத்த தெரு அண்ணனின் ஏட்டையோ வாங்கி வந்து, ஒப்படைக்கும் நாளுக்கு முன்னிரவு விளக்கடியில் அமர்ந்து படியெடுத்ததே அவ்வேடு. அந்த அக்கையும் அவ்வாறே தனக்கு முன்னவளிடம் வாங்கியிருப்பாள். ஆய்வே செய்யாத நாளுக்கும் காண்டல் எழுதப்பட்டிருக்கும்.

தனி ஊசல் ஆய்வை எடுத்துக்கொள்க. நூலின் நீளத்தை அளந்து, இருபது அலைவுக்கு எத்தனை நொடி என்று எண்ணி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்பது அது. ஏட்டுக்கு ஏடு விடை 9.8 என்றே நிற்கும். உண்மையில் புதுவை நிலநடுக்கோட்டினின்று 12 பாகைக்குச் சற்றுக் குறைந்த இடத்தில் இருத்தலின், அங்கு அம்மதிப்பு 9.78-ஐ ஒட்டியது. பள்ளியிலுள்ள நிறுத்துகடிகையும் நூலும் குண்டும் கொண்டு அளக்கும் பிள்ளைக்கு 9.6 வரலாம், 10.1 வரலாம், வருதலே இயல்பு. அங்ஙனம் வந்ததை வந்தவாறே எழுதி, விரலசைவாலோ எண்ணும்போது நேர்ந்த தவற்றாலோ இப்பிழை வந்தது என்று ஒரு வரி சேர்த்த ஏடு அன்றோ அறிவியல் ஏடு! ஆனால், பிள்ளைகள் விடையை முதலில் எழுதிக்கொண்டு, அவ்விடை வருமாறு அலைவு நேரங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டு அட்டவணையை நிரப்புகின்றனர். பதினாறு அகவையிற் பொய்க்கணக்கு எழுதும் பயிற்சி இவ்வாறு மதிப்பெண்ணோடு நடைபெறுகின்றது.

பிழை எழுதினால் தலை போய்விடும் என்னும் அச்சம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அந்த மண்ணின் வரலாற்றிலிருந்து வரவில்லை. பிரெஞ்சு வானியலறிஞர் இலெ சாந்தீல், வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கும் காட்சியை அளத்தற்குப் புதுச்சேரியைத் தேர்ந்து 1760-இற் கப்பல் ஏறினார். 1761 சனவரியில் ஊர் ஆங்கிலேயர் கைப்பட்டது. சூன் திங்களில் வெள்ளி கடந்தபோது அவர் ஆடும் கப்பலின் மேல் நின்றார். ஊசற் கடிகையை நிறுத்த இடமில்லை. கண்டது கணக்கிற்கு உதவவில்லை. அடுத்த கடப்பு 1769-இல். எட்டாண்டு ஊர்திரும்பாமலே காத்திருந்தார். 1768-இற் புதுவை வந்து ஆய்வுமேடை அமைத்தார். உரிய நாளின் விடியலில் முகில் கவிந்தது. கடப்பு முடிந்த பின்னரே வானம் வெளுத்தது. அவர் அதனை மறைத்தாரா? 1779-இலும் 1781-இலும் வெளிவந்த தம் செலவு நூலின் இரண்டு மடலங்களில் அத்தோல்வியையும் எழுதினார். புதுவையிலிருந்த நாளில் தமிழரின் வானக்கணிப்பு முறையைக் கேட்டறிந்து அதனையும் எழுதினார். அந்தத் தோல்வி ஏட்டை உலகம் இன்றும் படிக்கின்றது.

அதே ஊரில் தமிழிற் பதியும் வழக்கமும் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை எழுதிய நாட்குறிப்பு வணிகரின் ஏடு. அறிவியல் ஏடு அன்று. அதன் தமிழும் கலப்புத் தமிழே. ஆயினும், இன்ன நாள், இன்ன பொழுது, இன்ன கப்பல் வந்தது, இன்னார் இன்னது சொன்னார் என்று கண்டதும் கேட்டதும் கலவாமல் அவர் எழுதிய முறை, ஓர் ஆய்வகத்தில் வைத்துப் பயிற்றத்தக்கது. பிறமொழியாளர் பலரோடு பேசித் தொழில் நடத்திய அவர், தம் கண் கண்டதை எழுதும்போது தம் மொழியிலேயே எழுதினார்.

கண்டதும் கேட்டதும் கலவாமை என்பது தமிழ்க்கல்விக்குப் புதிது அன்று. அறிவுக்கு வாயில் காண்டல், கருதல், உரை எனத் தமிழ் அளவையியல் வகுத்தது. கண்ணால் நேரே அறிவது காண்டல். கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்வது கருதல். அறிந்தார் சொல்லக் கொள்வது உரை. ஆய்வகப் பதிவேட்டின் கட்டங்களும் இவையே அன்றோ? தொல்காப்பியர் முன்னோர் கூற்றைச் சொல்லும் இடந்தோறும் ‘என்ப’ என்றும் ‘என்மனார்’ என்றும் முடித்து, இது பிறர் உரை என்று கையொப்பமிட்டுக் காட்டினார். இன்றைப் புதுவை மாணவன் தன் ஏட்டில் நேர்மையாக எழுதுவதாயின், காண்டல் என்னும் தலைப்பின்கீழ் வரிதோறும் ‘என்ப’ என்றே முடிக்க வேண்டும். நீலமாயிற்று என்ப. வளி எழுந்தது என்ப. 9.8 என்ப!

படியெடுத்தலாற் கெடுவது நேர்மை மட்டுமன்று, காட்சியே கெடுகின்றது. சுண்ணாம்புத் தெளிநீரில் கரிவளியைச் செலுத்தினால் அது பால்போல் வெளுக்கும். இது எல்லா ஏட்டிலும் உண்டு. ஒரு சிறுமி உறிஞ்சுகுழலை வாயில் வைத்து ஊதுகின்றாள், நீர் வெளுக்கின்றது. நிறுத்தாமல் நெடுநேரம் ஊதிக்கொண்டே இருப்பாளாயின், வெளுத்த நீர் சிறிது சிறிதாக மீண்டும் தெளியும். முதலிற் கரையாத சுண்ணப்பொடியாய்த் தோன்றியது, கரிவளி மிகவே கரையும் உப்பாய் மாறிவிடுவதே கரணியம். அத்தெளிந்த நீரைக் காய்ச்சினால் வெண்மை திரும்ப வரும். உவர்க்கிணற்று நீரைக் காய்ச்சும் கலத்தின் அடியில் வெள்ளைப் படலம் ஏறுவதும் இதனாலேயே. அவள் வீட்டு அடுப்பங்கரையும் பள்ளி ஆய்வகமும் ஒன்றாய்த் தொடும் இடம் அது. ஆனால் ஏட்டில் ‘பால்போல் மாறியது’ என்று முன்னரே எழுதியாயிற்று. தெளிந்த நீரைக் கண்ட சிறுமி, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக் குழாயைக் கழுவி வைத்துவிடுகின்றாள்.

ஏன் படியெடுக்கின்றனர்? சோம்பல் என்பர் சிலர். ஆசிரியர்க்கு நேரமில்லை என்பர் சிலர். இரண்டும் ஓரளவு உண்மை. அடிப்படைக் கரணியம் வேறு. கண்டதைச் சொல்லப் பிள்ளைக்கு வாய் இருக்கின்றது. எழுத வேண்டிய மொழியில் அவ்வாய் இல்லை. நீரில் மிதந்த சுண்ணத்தைப் பற்றித் தோழியிடம் பத்து வரி பேசுவாள். ஆங்கிலத்தில் ஒரு வரி அமைக்கத் தெரியாமையால் அச்சிட்ட வரியை நாடுகின்றாள். படியெடுத்தல் அங்கே குற்றமன்று, ஊன்றுகோல்.

புதுவைக்கு இது பழந்துயர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் உயர்கல்வி பிரெஞ்சில் நடந்தது. 1823-இலேயே அங்கு மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. தமிழ்ப் பிள்ளை பிரெஞ்சில் எழுதிற்று. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிற்று; 1962 ஆகத்து 16-இல் அது சட்டப்படி நிறைவுற்றது. பிரெஞ்சு போன இடத்தில் தமிழ் வந்து அமர்ந்திருத்தல் வேண்டும். ஆங்கிலம் வந்து அமர்ந்தது. தமிழாசிரியராகவே வாழ்நாள் கழித்த பாவேந்தர் பிறந்த ஊரில் இது நடந்தது. ஆயினும், புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய வரை, தமிழில் அச்சிட்ட அறிவியல் நூலேனும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. 2023-24-இல் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளும் பதினோராம் வகுப்பும், 2024-25-இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளும் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாற்றப்பட்டன. வேறொரு மாநிலத்துக் குழுவின் வினாத்தாளுக்குக் கட்டுப்படாமை நன்று என்று சிலர் மகிழ்ந்தனர். ஆய்வகத்திலிருந்து தமிழ் வெளியேறியதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியற் செய்முறைக்கு 30 மதிப்பெண். அதில் பதிவேட்டிற்கு 5, வாய்மொழி வினாவிற்கு 5. வாய்மொழி வினா என்பது, நீ என்ன செய்தாய், என்ன கண்டாய் என்று கேட்பது. செய்ததைச் செய்த பிள்ளை ஆங்கிலத்தில் திக்கி நிற்க, செய்யாததை நெட்டுருவாய்ச் சொல்லும் பிள்ளை மதிப்பெண் பெறும் காட்சியைத் தேர்வறையில் நிற்பவர் எவரும் காணலாம். சோழிக் கணியரின் நினைவாற்றலே இன்னும் பரிசு பெறுகின்றது.

இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அதே வாரியம் 2023 சூலைத் திங்களில் விடுத்த சுற்றறிக்கையில், அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளைப் பள்ளிகள் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம் என்று இசைவு தந்தது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது. கதவு சற்றே திறந்திருக்கின்றது. அதில் நுழைய வேண்டும் என்று உரத்துக் கேட்ட குரல் மட்டும் புதுவையில் எழவில்லை.

தமிழில் அறிவியல் முடியுமா என்னும் பழைய வினாவை இன்றும் கேட்பார் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றித் தமிழ் மருத்துவர்களை உருவாக்கினார். 1875-இல் அவர் வேதியியல் நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். அதன் பெயர் ‘கெமிஸ்தம்’ என்று இருந்தமைக்குத் தனித்தமிழ் அன்பர் முகஞ்சுளிக்கலாம். ஆனால், பெயரில் தோற்றவர் செயலில் வென்றார் என்பதை மறுத்தல் இயலாது. 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொற்றொகுதி வெளியிட்டனர். 1954 முதல் 1968 வரை பத்து மடலங்களாகக் கலைக்களஞ்சியம் வந்தது. முடியுமா என்பதற்கு விடை எப்பொழுதோ சொல்லியாயிற்று.

ஆயினும், இயக்கத்தார் தம் கணக்கையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். நூறாண்டுக்கு மேலாகப் பெயர்ச்சொற்களைப் பற்றியே பேசினர். உயிர்வளி என்பார் ஒருவர். உயிரகம் என்பார் மற்றொருவர். தமிழ்நாட்டுப் பாடநூல் ஆக்சிஜன் என்னும். ஈழத்துப் பாடநூல் ஒட்சிசன் என்னும். இலவாசியே முதலியோர் 1787-இல் பெயர்முறை வகுத்தபோது, புளிப்பை ஆக்குவது அவ்வளியே என்று கருதி அப்பெயரை இட்டனர், எல்லாக் காடியிலும் அது இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது, பெயர் மாறவில்லை. செருமானியர் அதனைத் தம் மொழியிற் புளிப்புப்பொருள் என்று பெயர்த்து இன்றும் அவ்வாறே எழுதுகின்றனர். ஆகவே உயிர்வளி என்று எழுதுவதில் இழிவும் இல்லை, இடரும் இல்லை. எழுதுக. ஆனால், பெயர்ச்சொல் தூயதாயினமையால் மட்டும் ஏடு தமிழாகிவிடாது. தமிழ்வழிப் பதிவேடுகள் நடந்த நாளிலும் அவை அச்சிட்ட வழிகாட்டியைப் படியெடுத்தனவே.

வினைச்சொல்லில் அன்றோ மொழியின் உயிர் இருப்பது! பழைய தமிழ்வழி ஏடுகளில் ‘சோதனைக்குழாய் எடுத்துக்கொள்ளப்படுகிறது, அமிலம் சேர்க்கப்படுகிறது, வெப்பப்படுத்தப்படுகிறது’ என்று எழுதியிருக்கும். இது தமிழ் உடுத்திய ஆங்கிலம். எடுத்தவன் யார்? சேர்த்தவள் யார்? ஒருவரும் இலர், பேய் செய்த ஆய்வு போலும்! தமிழ்வினை தன் முடிவிலேயே ஆளைச் சொல்லும். எடுத்தேன், ஊற்றினேன், கலக்கினேன், காய்ச்சினேன், கண்டேன். அந்த ‘ஏன்’ விகுதி இலக்கணப் பகுதி மட்டுமன்று, அது சான்றுறுதி. ‘கண்டேன்’ என்று எழுதும் கை, காணாததை எழுதச் சற்றே நடுங்கும். ‘காணப்படுகிறது’ என்று எழுதும் கைக்கு அந்நடுக்கம் இல்லை.

மயில்துத்த ஆய்வைப் பிள்ளைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம். ‘மயில்துத்தத்தை நீரிற் கரைத்தேன். நவச்சார வளி கரைந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதற் சொட்டுகளில் நீர் கலங்கி, வெளிர்நீல வண்டல் இறங்கியது. மேலும் விட்டேன். வண்டல் கரைந்து மறைந்தது. நீர் முன்னிருந்ததினும் ஆழ்ந்த நீலமாயிற்று. மூக்கில் நெடி ஏறியது. ஏழாம் சொட்டா எட்டாம் சொட்டா என்று எண்ணத் தவறிவிட்டேன்.’ இதில் எந்தச் சொல் மாணவர்க்குத் தெரியாதது? எந்த உண்மை விடுபட்டது? மயில்துத்தம், வெடியுப்பு, படிகாரம், வெங்காரம், அன்னபேதி, நவச்சாரம் என்று நாட்டு மருந்துக்கடைத் தட்டில் இன்றும் பெயரோடு இருக்கும் பொருள்கள், பள்ளி ஆய்வகத்தின் அலமாரியில் ஆங்கிலப் பெயரோடு அயலாராய் நிற்கின்றன. கலங்குதல், தெளிதல், இறுத்தல், வடித்தல், படிதல், உறைதல், நுரைத்தல், வெளிறுதல், கன்றுதல் என்று நீரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு வினை தமிழிலுண்டு. சோறு வடிப்பவளும் துணிக்கு நீலம் போடுபவளும் பிழையின்றி ஆளும் வினைகள் அவை.

ஆகலின், கலைச்சொற்றொகுதி மற்றொன்று அச்சிடுவதினும், பள்ளி ஆய்வுகள் முப்பதிற்குத் தமிழிற் பதிவு எழுதும் முறையைக் காட்டும் சிறுநூல் ஒன்றை இயக்கம் வெளியிடுதல் இன்று முதற்பணி. அதில் விடைகள் அச்சிடலாகாது; அச்சிட்டால் அதனையும் படியெடுப்பர். செய்வது எப்படி, நோக்குவது எதை, பிழை எழுதுவது எவ்வாறு என்பவை மட்டும் இருத்தல் வேண்டும். அறிவியலாசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதினாலன்றி அது பயன்படாது. தமிழாசிரியர் தனித்து எழுதினால் நடை இருக்கும், ஆய்வு இராது. மற்றவர் தனித்து எழுதினால் ‘எடுத்துக்கொள்ளப்படுகிறது’ மீண்டும் வரும்.

சுற்றறிக்கை செயலாகும் வரை காத்திருக்கவும் வேண்டா. வலப்பக்கத்தில் தேர்வுக்கென்று ஆங்கிலம் நிற்பதாயின் நிற்கட்டும். இடப்பக்கத்திற் படத்தின்கீழ் வெற்றிடம் உண்டு. ஆய்வு முடிந்த மணியிலேயே, குழாய் கழுவுமுன், அவ்வெற்றிடத்தில் தான் கண்டதைத் தமிழில் ஐந்து வரி எழுதுக என்று ஆசிரியர் சொல்லலாம். அதற்கு மதிப்பெண் வேண்டா, அரசாணையும் வேண்டா. அவ்வைந்து வரியுள் ஒரு பிள்ளை 9.6 என்று எழுதுமாயின், ஆசிரியர் தம் சிவப்பு மையால் அதன் பக்கத்தில் ‘மீண்டும் அளந்தாயா?’ என்று மட்டும் கேட்டு வைக்கட்டும்.